பொறுத்துப் பார்க்கச் சொன்னவர்கள்

என் மகனுக்கு இப்போது 2 வயது 8 மாதம். அவன் விஷயமாக இதுவரை எனக்குக் கிடைத்த அறிவுரை எல்லாவற்றையும் வடிகட்டினால் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். பொறு.

மாமியார் சொன்னார்: "இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூடச் சொன்னா மூடுறானா?" எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்." நாட்டு மருந்துக் கடைக்காரர் வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். ஊசி போடப் போன இடத்தில் டாக்டரும், பேனாவை மூடிக்கொண்டே, "ரெண்டு வயசு வரைக்கும் பாப்போம்மா" என்றார். படித்தவரும் படிக்காதவரும் இவ்வளவு ஒற்றுமையாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெற்றவள் நான் மட்டும் அவசரக்காரி ஆனேன்.

அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்தால் திண்ணையிலிருந்து ஓடி வருவான். துணி காயப்போடும் கிளிப்புகளை வாசற்படியில் வரிசையாக அடுக்குவான். ஒன்று கோணினால் அழுகை. "பாரு, இன்ஜினியருதான்" என்று மாமனாருக்குப் பெருமை. தண்ணீர் வேண்டுமென்றால் கையை நீட்டிக் காட்ட மாட்டான், என் முகத்தையும் பார்க்க மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தின் மேல் வைப்பான். என் கை அவனுக்கு ஒரு கரண்டி. அந்தக் கரண்டிக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிகிறதா என்று எத்தனையோ இரவு விழித்துக் கிடந்திருக்கிறேன்.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரல் நீட்டிக் காட்ட வேண்டும், பதினாறு மாதத்துக்குள் ஒரு சொல்லாவது வர வேண்டும், இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. எங்கே தெரிந்தது தெரியுமா? எங்கள் வீட்டு பீரோவில். தாய் சேய் நல அட்டை என்று கர்ப்பத்திலேயே கையில் கொடுத்தார்களே, அதில் எந்த மாதம் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டே வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்த அட்டையில் ஊசிப் பக்கம் ஒன்றைத்தான் எல்லோரும் திருப்பினோம். நர்ஸ் திருப்பினார், தேதி எழுதினார், மூடினார். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டார்கள். 9 கிலோ 800 என்று எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்புகிறானா என்று ஒருவர் கேட்கவில்லை.

கேட்பது பெரிய வேலையும் இல்லை. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழு பல வருடங்களுக்கு முன்பே ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. மொத்தம் 17 கேள்விகள், இரண்டு வயது வரைக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகாது. எடை போடும் தராசைவிட மலிவான சாமான் ஒன்று இருக்கிறதென்றால் அது பென்சில்.

அரசாங்கம் ஒன்றும் யோசிக்காமல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். டி.இ.ஐ.சி. என்பார்கள். காதுக்கு, பேச்சுக்கு, கை கால் பயிற்சிக்கு, மனவளர்ச்சிக்கு என்று எல்லா ஆட்களும் ஒரே கூரையின் கீழ், எல்லாம் இலவசம். காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு அந்தக் குழு வந்த அன்று என் மகனுக்குக் காய்ச்சல். அடுத்த வருகை ஆறு மாதம் கழித்து.

அந்த மையம் இருக்கிறது என்பதையே எனக்குச் சொன்னது எந்த ஆபீசும் இல்லை, கோயில். மாமியாரின் பிறந்த ஊர் சீர்காழிப் பக்கம். திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகி சன்னதிக்குப் பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சம்பந்தர் வாங்கிய பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்தவள் என்பதால் அந்தப் பெயர். நான் முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். போனால் அங்கே என்னைப் போல நாலைந்து அம்மாக்கள், ஒவ்வொருத்தி இடுப்பிலும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை. அவர்களில் ஒருத்தி என் மகனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "காது டெஸ்ட் எடுத்தாச்சா அக்கா? டி.இ.ஐ.சி.யில எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் பொறு என்று சொல்லாத முதல் ஆள் அவள்தான். அம்பாள் மேல் எனக்கு இப்போது புகார் ஏதும் இல்லை.

மையத்துக்குப் போனோம். முதலில் காது கேட்கிறதா பார்க்க வேண்டும், பெரா டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்றார்கள். நியாயம்தான். காது கேட்காத பிள்ளைக்கும் பேச்சு வராது. ஆனால் அந்த டெஸ்டுக்குக் குழந்தை தூங்க வேண்டும். தலையில் வயரை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளை வரைக்கும் போகிறதா என்று பார்ப்பார்கள், அசையக் கூடாது. "நைட்டு லேட்டா தூங்க வைங்க, காலையில சீக்கிரம் எழுப்பிடுங்க, இங்க வந்ததும் தூங்கிடுவான்" என்றார் டெஸ்ட் எடுக்கும் அம்மா. நாலு மணிக்கு எழுப்பினேன். 6.10 பஸ். தூங்காமல் இருக்கட்டும் என்று வழியெல்லாம் அவனுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வந்தேன். பாலம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தான். கன்னத்தைத் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், பக்கத்து சீட்டுக் கிழவி, "தூங்குற புள்ளய ஏம்மா இப்படி வதைக்கிற?" என்று என்னைத் திட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கண்ணைத் திறந்தான் பாருங்கள், அதற்குப் பிறகு மாலை வரைக்கும் இமைக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், பாதியைத் துப்பினான். மீதிப் பாதியில் சிரித்துக்கொண்டே வராந்தாவில் சுற்றினான். இயந்திரத்தைப் பிற்பகலில் மூடிவிட்டார்கள். "அடுத்த செவ்வாய் வாங்க."

அடுத்த செவ்வாய் அரசு விடுமுறை. அதற்கடுத்த செவ்வாய் தூங்கினான், இயந்திரம் ரிப்பேர். நாலாவது தடவை ஒருவழியாக எடுத்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது. இதைத்தான் பிஸ்கட் பாக்கெட் எனக்கு எப்போதோ சொல்லிவிட்டது.

சரி, தெரபி? பிசியோதெரபிக்கு ஆள் இருக்கிறார், உங்கள் பையன்தான் ஓடுகிறானே, அவனுக்கு அது வேண்டாம். ஸ்பீச் தெரபிக்கு இருந்த மேடம் மாற்றலாகிப் போய்விட்டார், வேறு இடத்து மேடம் வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறார், இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி. ஆக்குபேஷனல் தெரபி இடம் காலி. பலகையில் எட்டு பதவிகளின் பெயர் இருந்தது. நான் எண்ணியவரை மூன்று பேரைத்தான் பார்த்தேன். அந்த மூன்று பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமில்லாமல் ஒருவர் இரண்டு கைக்கு நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார். கோபமெல்லாம் அந்தப் பலகை மேல்தான். பெயரிலேயே தொடக்கநிலை என்று எழுதி வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வா என்றால் அதற்கு என்ன பொருள்? மூன்று வயதுக்குள் மூளை, பெரியவர்கள் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்று அவர்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே வரிசையில் நிற்பது ஒரு தனித் தண்டனை.

ஆகவே தனியார். ஒரு அமர்வு 45 நிமிடம், 600 ரூபாய். பேச்சுக்கு வாரம் மூன்று, ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபிக்கு மூன்று. மாதம் 14,400. என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 22,000. கழித்துப் பாருங்கள். 45 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் அழுகை, கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் எழுதுவது. முதலில் போன சென்டரில் நாலு வாரம் கழித்துத்தான் உறைத்தது: அந்த மேடம் என் மகனுக்கு மொபைலில் கார்ட்டூன் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992-இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பதிவு எண் என்ன என்று கேட்டேன். "அப்ளை பண்ணிருக்கோம், வந்துட்டிருக்கு" என்றார். எந்த பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறதோ! தெருவுக்குத் தெரு பலூன் படம் போட்ட போர்டுகள் முளைத்திருக்கின்றன. பெற்றவர்களே, பலூனைப் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஒரு நாள் எழுதிப் போட்டோம். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்று பதில் வந்தது. பேசாத பிள்ளையைப் பேச வைக்க யாராவது கட்டிலில் படுக்கப் போடுவார்களா? நிராமயா என்று அரசாங்கமே ஒரு காப்பீடு வைத்திருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அதற்கு மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்கள் இருக்கின்றன. ஐந்து வயது வரைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பொதுவான வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகமாகத்தான் எழுதித் தருவார்கள், பிறகு மறுபடியும் போய் நிற்க வேண்டும். சான்றிதழ் என்றதும் வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. "சீலு குத்திட்டா அப்புறம் அழியாதுடி. நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று மாமியார் அழுதார். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! "அத்தை, முதல்ல அவன் 'அம்மா'ன்னு கூப்பிடட்டும், பொண்ணு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அதே மாமியார்தான் இன்னொரு நாள் ஜெயித்தார். இரண்டாவது சென்டரில், பதிவு எண் உள்ள ஓ.டி. மேடம், இவனுக்கு ஊஞ்சல் அசைவு தினமும் வேண்டும், பலகை ஊஞ்சல் வாங்கி மாட்டுங்கள் என்றார். விலை பார்த்தால் 8,000. அத்தை எதுவும் பேசாமல் பரணிலிருந்து பழைய சுங்குடிப் புடவையை எடுத்து உத்தரத்தில் தூளி கட்டினார். போட்டோ எடுத்துக் காட்டினேன். மேடம் சிரித்துவிட்டு, "இதுவே போதும்" என்றார். தாம்பாளத்தில் அரிசியும் பட்டாணியும் கலந்து அவனைத் துழாவ விடுவது, கண்ணுக்கு நேரே பொருளை வைத்துக்கொண்டு அவன் பார்க்கும் வரை கொடுக்காமல் இருப்பது, அவன் எழுப்பும் சத்தத்தையே நாமும் திரும்ப எழுப்புவது. பாதி வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. அதைச் சொல்லித் தர ஆள்தான் வேண்டும். அந்த ஆள் ஒன்றரை வருடம் முன்னால் கிடைத்திருந்தால் என்ற நினைப்புதான் நெஞ்சை அறுக்கிறது.

புதுக் கட்டடம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஒன்பதாவது மாத ஊசிக்கும் பதினாறாவது மாத ஊசிக்கும் எந்தத் தாயும் தவறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அன்றைக்கு ஊசிப் பக்கத்தோடு அடுத்த பக்கத்தையும் திருப்பி நாலு கேள்வி கேளுங்கள். பலகையில் பெயர் எழுதிய இடத்தில் ஆளைப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களே, நீங்கள் வளர்த்த பிள்ளைகள் தானாகப் பேசியிருக்கலாம், சந்தோஷம். இந்த ஒன்றில் மட்டும் பொறு என்று சொல்லாதீர்கள். காது டெஸ்டுக்கு நாலு தடவை போக வேண்டியிருக்கிறது, முதல் தடவைக்காவது சீக்கிரம் கிளம்ப விடுங்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என் மகன் முதல் முறையாக விரலை நீட்டினான். பச்சைப் பஸ்ஸைக் காட்டினான், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கரண்டியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. எங்கள் பஸ் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அரசு மையத்தில் ஸ்பீச் தெரபிக்குக் கொடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. நேற்று போன் வந்தது. அன்றைக்கு மேடத்துக்குப் பயிற்சி வகுப்பாம், அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள்.