கடல்மீன் தொட்டிக்கு ஒரு கீழ்த்தொட்டி



கடலைப் பார்க்கவே பிடிக்காத காலம் ஒன்று எனக்கு இருந்தது. 2004 டிசெம்பரில் அலை வீட்டைக் கொண்டுபோனது. 2006இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தோம். மீன்பிடித் தொழில் செய்த என் கணவர் அதற்குப் பிறகு வீடு திரும்பவில்லை. இன்று என் வீட்டு மூலையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கும்.

திருகோணமலையில் ஒரு விடுதிக்குத் துப்புரவு வேலைக்குப் போனேன். அங்கே வாசல் மண்டபத்தில் கடல்மீன் தொட்டி இருந்தது. அதைப் பராமரித்தவர் நின்றுவிட்டார். "அக்கா, நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" என்று முதலாளி கேட்டார். பிழைவிட்டால் மீனும் போகும், வேலையும் போகும். ஆனாலும் சம்பளத்தோடு மேலதிகமாக ஒரு தொகை கிடைக்குமென்று ஒத்துக்கொண்டேன். கை பழக வீட்டிலும் சிறிய தொட்டி ஒன்று செய்தேன். நீளம் 60, அகலம் 30, உயரம் 40 செ.மீ. இரண்டு கோமாளி மீன்கள்தான் அதில் குடியிருப்பு.

மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டியைத்தான் 'சம்ப்' என்பார்கள். மேல்தொட்டி நீர் குழாய்வழியே தானாக இறங்கி அதில் சுத்தமாகும். சிறிய மோட்டர் அதைத் திரும்ப மேலே ஏற்றும். நீரின் அளவு கூடுவதால் அழுக்கும் சூடும் சட்டென்று மாறாது.

கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. கண்ணாடி வெட்டுவித்தேன். கீழ்த்தொட்டி 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். மேல்தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மேல்மூலையோரம், குழாய்க்கான துளையை ஒட்டுவதற்கு முன்பே போடுவித்தேன். கடினப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும்; கேட்டு வாங்குங்கள். பூஞ்சணக் கொல்லி மருந்து கலக்காத சாதாரண சிலிக்கனே வேண்டும். ஒட்டியபின் ஒரு கிழமை காயவிட்டு, வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கசிவு பார்த்தேன்.

கீழ்த்தொட்டிக்குள் தடுப்புக் கண்ணாடிகள் வைத்து மூன்று அறை பிரித்தேன். முதல் அறையில் பஞ்சு. குப்பை அங்கே தங்கும். நடு அறையில் பீங்கான் வளையங்களும் உடைந்த மண்சட்டித் துண்டுகளும். மீன் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் வாழும். கடைசி அறையில் மோட்டர். அதற்கு முன் தடுப்புகளை மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் காற்றுக் குமிழி மோட்டருக்குள் போகாது.

2022இல் நாள்தோறும் மணிக்கணக்காக மின்சாரம் நின்றது நினைவிருக்கும். ஓர் இரவு நித்திரையில் கால் வைத்தால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். பாய் நனைந்திருந்தது. பிளக் பலகைக்கு ஒரு சாண் தள்ளி நீர் நின்றது. கரண்ட் வந்திருந்தால் என்னவாகியிருக்கும்!

காரணத்தைக் காலையில் மகள் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். மோட்டர் நின்றதும் ஏற்றுக்குழாய் நீரைப் பின்னோக்கி உறிஞ்சும். குழாயின் வாயை நான் 15 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். 60 x 30 x 15, அதை 1000ஆல் பிரித்தால் 27 லீற்றர். கீழ்த்தொட்டியில் நீர்மட்டம் 18 செ.மீ.; மேலே 12 செ.மீ. தான் மிச்சம். 45 x 30 x 12, அதாவது 16 லீற்றருக்குத்தான் இடம். மிகுதி 11 லீற்றர் தரைக்கு வந்தது. "அம்மா, கடல் தானாக வரவில்லை, நீங்கள் கூப்பிட்டீர்கள்" என்றாள். அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே உயர்த்தினோம். இப்போது இறங்குவது 4 லீற்றருக்கும் குறைவு. பிளக் பலகையைச் சுவரில் உயரத்தில் பொருத்தினோம். வயரையும் பிளக்கை விடத் தாழ்வாக வளையவிட்டோம். நீர் வழிந்தாலும் வளைவில் சொட்டிவிடும்.

இன்னும் சில கவனங்கள்:

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். மோட்டர் அறையில் கோடு கீறி வைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். உப்புமானி 1.025 அளவில் நிற்க வேண்டும்.

செம்பு, பித்தளைப் பொருத்துகள் வேண்டாம். செம்பு கரைந்தால் இறால் போன்ற உயிர்கள் இறந்துவிடும்.

தொட்டி ஆயத்தமானதும் மீன் விடாதீர்கள். நுண்ணுயிர் பெருக ஒரு மாதமாவது செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று சோதித்த பின்பே விடுங்கள்.

அழகுக்காகக் கடலில் முருகைக்கல் உடைத்து எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். முருகைக்கல் அழிந்தால் கரையில் மீனும் குறையும். என் மீன்கள் மண்சட்டித் துண்டுக்குள்ளேயே சந்தோஷமாக இருக்கின்றன.

இது உடனே காசு தரும் தொழில் அல்ல. எனக்கு இப்போது இரண்டு விடுதித் தொட்டிகளின் பராமரிப்பு இருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்கு அது கைகொடுக்கிறது. புதுத் தொட்டி எதுவானாலும் முதல் நாளே, நான் பக்கத்தில் நிற்கும்போதே, பிளக்கை என் கையால் கழற்றிப் பார்க்கிறேன். நீர் எங்கே வந்து நிற்கிறது என்று கண்ட பிறகுதான் அன்றிரவு நித்திரை.