போனில் டாக்டர்: சட்டம் தருவதும் பாலிசி தருவதும்

கொரோனா காலத்தில் வேறு வழியின்றிப் பழகியவற்றில் பல போய்விட்டன. வீட்டிலிருந்தபடியே வீடியோவிலோ போனிலோ டாக்டரிடம் பேசுவது மட்டும் நிலைத்துவிட்டது. அந்தக் கட்டணத்தை இன்சூரன்ஸ் ஏற்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி. அமெரிக்காவில் இதற்கு மாநிலங்களே சட்டம் இயற்றுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்ப்பதால் அந்தச் சட்டங்கள் நமக்கும் அந்நியமல்ல.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். நேரில் பார்த்தால் கிடைக்கும் காப்பீட்டை, தொலைவிலிருந்து பார்த்தார் என்பதற்காக மறுக்கக்கூடாது என்ற வகையில் அங்கே முன்பே சட்டம் இருந்தது. ஆனால் டாக்டருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் கம்பெனிகளின் கை திறந்தே இருந்தது. நேரில் வந்தால் முழுத் தொகை, வீடியோ என்றால் பாதி என்றால் எந்த டாக்டர் வீடியோவில் உட்காருவார்? உரிமை காகிதத்தில் இருக்கும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. இதைச் சரிசெய்யத்தான் 2019-இல் இன்னொரு சட்டம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் போடப்படும், புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் ஒரே அளவில் பணம் தர வேண்டும்.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை. பெரிய நிறுவனங்கள் பல, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பாலிசி வாங்காமல் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அட்டையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும், பணம் முதலாளியுடையது. இந்தத் திட்டங்களை 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாநில இன்சூரன்ஸ் சட்டங்களின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஐ.டி. வேலையிலிருக்கும் மகன், "எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறதே" என்று நம்பி இருந்துவிடக் கூடாது. தன் திட்டம் எந்த வகை என்று கம்பெனியின் ஹெச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2021 தொடக்கத்தில் கொண்டுவந்த சட்டத்தில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பொது மருத்துவத்துக்கும் நாள்பட்ட நோய்களுக்கும் சமக் கட்டணத்தை 2 ஆண்டுகளுக்கு மட்டும் வைத்தார்கள். மனநல சிகிச்சைக்கோ நிரந்தரமாகவே தந்தார்கள், அதுவும் படம் இல்லாமல் குரல் மட்டும் கேட்கும் போன் அழைப்பையும் சேர்த்து. நம் பெண்களில் எத்தனை பேர் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை, "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தில் வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்கிறார்கள்! முகம் காட்டாமல் ஒரு பெண் டாக்டரிடம் பேச முடிகிறது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. மருந்து தேடச் சொன்ன மார்க்கம் மன நோயை அதிலிருந்து விலக்கவில்லை.

நம் நாட்டில் இன்சூரன்ஸ் மத்திய அரசின் அதிகாரத்தில் வருவது. 2020 மார்ச் மாதம் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. வீடியோ, ஆடியோ, எழுத்துச் செய்தி மூன்றுக்கும் அவற்றில் இடமுண்டு. அதே ஆண்டு ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., பாலிசியில் டாக்டர் ஆலோசனைக்குக் காப்பீடு இருந்தால் தொலைமருத்துவத்தையும் ஏற்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. அந்த "இருந்தால்"தான் சிக்கல். நம்மவர்கள் எடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பேசும். சாதாரணக் காய்ச்சலுக்கு நேரில் போனாலும் கிடைக்காது, போனில் பேசினாலும் கிடைக்காது. சேர்வதற்கு முன்னும் பின்னும் அதே நோய்க்காக ஆகும் ஆலோசனைச் செலவை, பாலிசியில் சொன்ன நாட்களுக்குள் கேட்கலாம்.

(வழக்கமான இன்சூரன்ஸ் கூடுமா, தகாஃபுல் எப்படி என்பது தனிப் பேச்சு. இங்கே சொல்வது, கம்பெனி வழியாகவோ வேறு வகையிலோ ஏற்கெனவே பாலிசிக்குள் இருப்பவர்களுக்கு.)

கிளெய்ம் கேட்கும்போது பலர் தடுமாறுவது காகிதத்தில். வாட்ஸ்அப்பில் டாக்டர் அனுப்பிய இரண்டு வரி போதாது. பதிவு எண்ணோடு கூடிய மருந்துச் சீட்டும் கட்டணத்துக்கு ரசீதும் வேண்டும். ரசீது தர வேண்டும் என்று அந்த வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது, கேட்கத் தயங்க வேண்டாம். பணமே கட்ட இயலாதவர்களுக்கு அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசமாக இருக்கிறது. அதற்கு பாலிசியும் வேண்டாம், ரசீதும் வேண்டாம்.