துடைப்பம் மட்டும் போதுமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தைப் புரட்டிப் போட்டபோது, விழுந்த மரங்களை அறுத்துப் பாதை திறந்தவர்களுள் நம் இளைஞர் பலர் இருந்தனர். அன்று வாயாரப் புகழ்ந்தோம், பின்னர் மறந்தோம்.

இன்று வயல்கள் மனைகளாகின்றன, வாய்க்கால்கள் தூர்ந்துபோகின்றன. மழைநீர் எவ்வழி வடியவேண்டும், குப்பை எங்கே சேரவேண்டும் எனத் தீர்மானிக்கும் இடத்திற்கு இளைஞரை அழைக்கிறோமா? பதினெட்டு வயதினருக்கு நாடு 1989இல் வாக்குரிமை தந்தது. நாமோ ஆண்டுக்கொரு நாள் துடைப்பம் தந்து, படமெடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம் திருவாரூர் மாவட்டத்திலேயே 2009இல் மத்தியப் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்குப் பயில்வோர் நம் வாய்க்கால்களை அளந்து வரைபடமாக்கினால் அதுவே பாடம். அதுவே பிறரன்புப் பணி. ஆனால், "படிக்கிற பிள்ளைக்குச் சாக்கடையில் என்ன வேலை?" என்று தடுப்பவை நம் வீடுகளே அன்றோ!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்றார். வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டாத குடும்பம் தழைக்குமா? நகராட்சியும் பல்கலைக்கழகமும் பங்குப்பேரவையும் கூடி அமரட்டும். அங்கே இளைஞருக்குத் துடைப்பத்தோடு இருக்கையும் தருவோம்.