படகு போய்விடும், தீவு போகாது!

"வெஸ்ட் இண்டீஸ்" என்றால் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு நாடு அல்ல. பல தீவுகள், பல நாடுகள்.

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் அந்தத் தீவுகளில் பல வரிசையாக நிற்கின்றன. வில்லை வளைத்து வைத்தாற்போல் இருக்கும். வடக்கே வர்ஜின் தீவுகள், தெற்கே கிரனேடா. நடுவே சுமார் 500 மைல் தூரம். ஒரு தீவில் காலையில் கிளம்பினால், பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் அடுத்த தீவுக்குப் போய்விடலாம்.

இந்தக் கடலில் ஆண்டுதோறும் ஏராளமான பாய்மரப் படகுகள் திரிகின்றன. மீன் பிடிக்க அல்ல. சரக்கு ஏற்றவும் அல்ல. ஊர் சுற்றிப் பார்க்க!

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஓராண்டு படகிலேயே குடித்தனம்! சமையலும் படகில்தான்; பிள்ளைகளுக்குப் பாடமும் படகில்தான்.

ஊர் திரும்பியதும் உற்றாரும் நண்பர்களும் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்பப் பிடித்தது?" என்பதுதான்.

பதில் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடி போன்ற நீலத் தண்ணீர், வெள்ளை மணல், டொபேகோ கேஸ் என்னும் ஆளில்லாத் தீவுகளின் அருகே ஆமைகளோடு நீந்தியது. எல்லாம் அழகுதான். யார் மறுப்பார்கள்?

ஆனால் அதற்கு ஓராண்டு எதற்கு? விமானத்தில் போனால் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாமே!

ஓராண்டு தங்குகிறவருக்குக் கிடைக்கும் அனுபவம் வேறு. அது தண்ணீரில் கிடைக்காது. கரையில் இறங்கி, அந்தத் தீவுக்காரர் காட்டும் வழியில் போனால்தான் கிடைக்கும்.

காற்றும் நெருப்பும்

முதலில் காற்றைச் சொல்லவேண்டும். அங்கே ஆண்டில் பெரும்பகுதி கிழக்கிலிருந்துதான் காற்று வீசும். தமிழ்நாட்டு மீனவர்கள் இதைக் கொண்டல் என்பார்கள். தீவின் மேற்குப் பக்கம் மலை காற்றை மறைக்கும். அங்கே கடல் குளம்போல் கிடக்கும். இரண்டு தீவுகளுக்கு நடுவே வந்தால் தெரியும் சங்கதி! அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலை அப்படியே வந்து மோதும். டிசம்பரில் காற்று இன்னும் பலமாகும். அதற்குக் "கிறிஸ்துமஸ் காற்று" என்றே பெயர்.

காற்றாவது மேலே இருக்கிறது. கீழே நெருப்பு இருக்கிறது!

கிரனேடாவுக்கு வடக்கே ஐந்து மைலில் கடலுக்கு அடியில் ஓர் எரிமலை உண்டு. "கிக் எம் ஜென்னி" என்று அதற்குப் பெயர். 1939-ல் அது சீறியபோது புகையும் நீரும் ஆகாயத்தில் எழும்பின. அதன் பிறகும் பல தடவை சீறியிருக்கிறது. எரிமலையிலிருந்து வாயு கிளம்பினால் தண்ணீரெல்லாம் குமிழியாகிவிடும். குமிழி நிறைந்த தண்ணீர் படகைத் தாங்காது. அதனால் ஒரு மைலுக்கு அருகில் எந்தப் படகும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. டிரினிடாடில் உள்ள பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இரவும் பகலும் அதைக் கண்காணிக்கிறார்கள்.

மார்ட்டினிக் தீவில் சென் பியேர் என்ற ஊர் இருக்கிறது. 1902 மே 8-ந் தேதி காலையில் பெலே எரிமலை வெடித்தது. நெருப்பு மேகம் மலையிலிருந்து இறங்கி வந்தது. சில நிமிஷங்களில் சுமார் 28,000 பேர் மாண்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின. கெட்டியான கல் சுவர் கொண்ட சிறை அறையில் அடைபட்டிருந்த ஒரு கைதி தீக்காயங்களோடு பிழைத்தான்! அந்த அறையை இன்றும் பார்க்கலாம். அன்று மூழ்கிய கப்பல்கள் கிடக்கும் இடத்தில்தான் உல்லாசப் படகுகள் இன்று நங்கூரம் போடுகின்றன.

துடுப்புக்கு மட்டுமே அனுமதி

டொமினிக்கா என்று ஒரு தீவு. டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. கொலம்பஸ் 1493-ல் இந்தத் தீவைக் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஞாயிற்றுக்கிழமையின் பெயரையே வைத்துவிட்டான். ஏற்கெனவே அங்கே குடியிருந்த கலினாகோ மக்கள் தங்கள் தீவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்?

அந்த மக்கள் அழிந்துவிடவில்லை. தீவின் கிழக்குக் கரையில் 1903-ல் ஒதுக்கப்பட்ட நிலத்தில் இன்றும் சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். 2023-ல் டொமினிக்காவின் ஜனாதிபதியானவர் சில்வனி பர்ட்டன். அவர் கலினாகோ இனத்துப் பெண்!

தீவின் வடக்கே போர்ட்ஸ்மவுத் என்ற ஊர். அங்கே கடலில் வந்து விழும் ஓர் ஆறு. பெயர் "இந்தியன் ரிவர்". இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொலம்பஸ் செய்த தவறு ஆற்றின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆற்றில் மோட்டார் ஓட்டக்கூடாது. சொந்தப் படகு இருந்தாலும் சொந்தமாகப் போகக்கூடாது. அந்த ஊர்ப் படகோட்டிதான் தோணியில் ஏற்றித் துடுப்பு வலித்துக் கூட்டிப்போவார். இரு கரையிலும் மரங்கள். வேர்கள் பாம்புபோல் நெளிந்து தண்ணீருக்குள் இறங்கும். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. நண்டு எங்கே, மீன்கொத்தி எங்கே என்று படகோட்டி காட்டுவார். அவர் காட்டாவிட்டால் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வரவே படகுக்காரர்கள் பயந்தார்கள். படகு வந்து நின்றதும் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு "என்னோடு வா, என்னிடம் வாங்கு" என்று தொந்தரவு செய்வார்கள். திருட்டும் நடந்தது. படகுகள் நிற்காமலே போயின. ஊருக்குப் பிழைப்பு போயிற்று.

பிறகு என்ன நடந்தது? போலீசை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. படகோட்டிகளே ஒரு சங்கம் அமைத்தார்கள். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். படகுகள் அதிகம் வரும் மாதங்களில் இரவு முழுவதும் தாங்களே ரோந்து சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரையும் கரைக்கு அழைத்து விருந்தும் வைத்தார்கள். படகுகள் திரும்பி வந்தன.

கரீபியன் கடலில் எத்தனையோ அதிசயம் இருக்கலாம். இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை!

மாரியம்மன் இருக்கும் தீவு

குவாடலூப், பிரான்சுக்குச் சொந்தமான தீவு. அதன் தெற்கே லே சென்த் என்னும் சின்னத் தீவுகள் இருக்கின்றன. படத்தில் எழுதியதுபோல் இருக்கும். பாய்மரப் படகுகள் அங்கே நாட்கணக்கில் நிற்கும். எதிர்க் கரையில் சற்றுத் தூரத்தில் கபெஸ்தேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு.

போனால் என்ன பார்க்கலாம்? கோபுரம் வைத்த கோவிலைப் பார்க்கலாம்! உள்ளே இருப்பவள் மாரியம்மன்.

1848-ல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். 1854-ல் முதல் கப்பல் குவாடலூப்புக்குப் போயிற்று. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. திரும்பியவர் சிலர், அங்கேயே மடிந்தவர் பலர்.

பேரன் பேத்திகளுக்குத் தமிழ் மறந்துவிட்டது. அம்மன் மறக்கவில்லை. பூசையில் தமிழ்ச் சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன. மசாலாவும் மறக்கவில்லை. மல்லி, சீரகம், மஞ்சள் சேர்த்து அரைத்த பொடிக்கு அங்கே "கொலொம்போ" என்று பெயர். அந்தப் பொடி போட்ட குழம்பை இப்போது தீவில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

குடியுரிமை மட்டும் சும்மா கிடைக்கவில்லை. "இங்கே பிறந்த எங்களுக்கு ஓட்டு உண்டா, இல்லையா?" என்று 1904-ல் வழக்குத் தொடுத்தார் ஆன்றி சிதம்பரம் என்பவர். கபெஸ்தேர்க்காரர். 1923 வரை போராடினார். வென்றார்.

எதிர்த் தீவில் பத்து நாள் நீந்திவிட்டு, இந்த ஊருக்கு ஒரு நாள்கூடப் போகாமல் கிளம்புகிறவர்கள் என்ன கண்டார்கள்?

ஜூலை முதல் தேதி

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம். அப்போது படகுகள் தெற்கே போய்விடும். "இந்தக் கோட்டுக்கு வடக்கே இருந்தால் நஷ்ட ஈடு கிடையாது" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிபந்தனை போடும். அதனால் கிரனேடாவிலும் டிரினிடாடிலும் படகுகள் வந்து குவியும்.

தெற்கே இருப்பதால் கிரனேடாவுக்குப் புயல் வராது என்று பலர் நம்பினார்கள். 1955-ல் வந்த புயலை மறந்துவிட்டார்கள். 2004 செப்டம்பரில் "ஐவன்" வந்தது. பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. கிரனேடா தன் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்திருக்கும் நாடு. அந்த ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாய்ந்தது. புதிதாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அடுத்த அடி 2024-ல் விழுந்தது. ஜூலை முதல் தேதி "பெரில்" புயல் கேரியகூ தீவின்மேல் ஏறியது. இதுவும் கிரனேடா நாட்டைச் சேர்ந்த சிறு தீவுதான். மணிக்குச் சுமார் 150 மைல் வேகக் காற்று! புயல் காலம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறிக் கிடந்ததே அதற்கு அவ்வளவு பலத்தைக் கொடுத்தது. வீடுகளில் பெரும்பாலானவை கூரை இழந்தன. டிரல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவைத்த படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின.

கேரியகூ படகு கட்டும் தீவு. கடற்கரை மணலிலேயே மரப் படகு கட்டுவார்கள். வரைபடம் கிடையாது. கண் பார்வையே கணக்கு. தகப்பன் செய்வதைப் பார்த்து மகன் கற்றுக்கொள்வான். கட்டி முடித்ததும் ஊர் கூடி விருந்து. பிறகு முட்டுக் கட்டைகளை வெட்டிச் சாய்த்து, எல்லோருமாகக் கயிறு பிடித்துக் கடலில் இறக்குவார்கள். இந்தக் கலையை உலகம் காக்கவேண்டிய மரபு என்று யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது 2023 டிசம்பரில். ஏழாம் மாதம் புயல்!

உல்லாசப் படகு நொறுங்கினால் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பணம் வரும். தீவு மீனவனின் தோணிக்கு எங்கே இன்ஷூரன்ஸ்? படகுக்காரன் வேறு கடலுக்குப் போகலாம். தீவுக்காரன் எங்கே போவான்?

கிரனேடாவில் நின்ற படகுக்காரர்கள் எல்லோரும் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கேரியகூவுக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் அந்த ஓராண்டில் கண்ட சாகசங்களில் அதுவே முதன்மையானது. நீலத் தண்ணீர் இரண்டாவதுதான்.

முணுமுணுப்பு ஏன்?

படகுக்காரர்களிடம் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருக்கவேண்டும். சுங்கத்துக்கும் குடியேற்ற அதிகாரிக்கும் பணம் கட்டவேண்டும். பூங்காவுக்கு ஒரு கட்டணம், மிதவைக்கு ஒரு கட்டணம், வழிகாட்டிக்கு ஒரு கட்டணம். "எங்களைக் கறக்கிறார்கள்" என்று முணுமுணுப்பார்கள்.

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நாலு தீவுக்கு நாலு பாரம், நாலு முத்திரை என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அதைச் சுருக்குவது அரசாங்கங்களின் வேலை. ஆனால் பணத்தைப் பற்றிய முணுமுணுப்பில் நியாயமில்லை. மிதவைக்குக் கட்டணம் எதற்கு? நங்கூரம் போட்டால் பவளப் பாறை உடையும். கடற்புல் வேரோடு வரும். ஆமை அந்தப் புல்லைத்தான் தின்கிறது. புல் போனால் ஆமை போகும். ஆமையோடு நீந்தத்தானே வந்தார்கள்?

"அடிபட்ட தீவுக்கு இப்போது எதற்குப் போகவேண்டும்? வசதி இருக்காது, அவர்களுக்கும் தொந்தரவு" என்று சொல்கிறவர்களும் உண்டு. புயல் அடித்த வாரத்தில் அது சரி. வேடிக்கை பார்க்க அப்போது போகக்கூடாது. கூரை போட்ட பிறகு? கடை திறந்த பிறகு? அப்போதும் போகாமல் ஒதுங்கினால் தீவுக்கு அது இரண்டாவது புயல். வருகிறவர்களை நம்பித்தான் அங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது.

நவம்பர் முடிந்ததும் கிரனேடாவில் நிற்கும் படகுகள் நங்கூரம் தூக்கும். வடக்கே திரும்பினால் கேரியகூ ஒரே பகல் பயணம். வழியில் கடலடி எரிமலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். டிரல் விரிகுடாவில் நிற்க இடம் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியேறும் முத்திரையையும் அங்கேயே குத்திக்கொள்ளலாம். கிழிந்த பாயை, உடைந்த பலகையைச் சரி செய்ய அந்தத் தீவைவிட நல்ல கைகள் எங்கே கிடைக்கும்?