ஒரே அடியில் ஆளை எடைபோடலாமா?

ஆட்டக்காரரின் தரத்தை அறிய ஒரே ஒரு அடி போதும் என்று சொல்வோர் எங்கும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளில் ஆலைத் தொழிலாளர் தங்கும் அறைகளில் கேரம் பலகையைச் சுற்றியும், பூல் மேசை இருக்கும் இடங்களில் அதைச் சுற்றியும் இந்தப் பேச்சு எழுகிறது. புதியவர் ஒருவர் முதல் பந்தை அடித்ததுமே, "தேர்ந்த கை" என்றோ, "இவருக்கு வராது" என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. விளையாட்டோடு இது நின்றுவிட்டால் கவலையில்லை. மனிதர்களையும் இதே அவசரத்தோடு எடைபோடுகிறோம் என்பதால்தான் இதைப் பற்றி எழுத நேர்ந்தது.

ஸ்னூக்கர் என்ற பெயரே இப்படிப்பட்ட ஒரு தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான். பூல் விளையாட்டுக்கு நெருங்கிய உறவான அந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில், ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளிடையே தோன்றியது. அதை உருவாக்கிய நெவில் சேம்பர்லைன், பெயர் வந்த கதையைப் பிற்காலத்தில் தாமே விளக்கினார். இங்கிலாந்தின் உல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்று அழைப்பது வழக்கம் என அவர் கேள்விப்பட்டிருந்தார். ஒருமுறை, குழியருகே இருந்த வண்ணப் பந்தை ஓர் ஆட்டக்காரர் தவறவிட்டபோது, "நீர் ஒரு ஸ்னூக்கர்" என்ற பொருளில் அவரைக் கிண்டல் செய்தார். ஒரே ஒரு தவறிய அடிக்காக, 'கற்றுக்குட்டி' என்ற முத்திரை! அவர் மனம் நோகுமே என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்றும் சேர்த்துச் சொன்னார். பெயர் நிலைத்துவிட்டது. ஆட்டத்தின் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன. தீர்ப்புச் சொன்னவரே அதைத் திருத்தி, தம்மையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

ஓர் அடியிலிருந்து எதுவுமே தெரியாது என்று நாம் கூறவில்லை. பார்க்கத் தெரிந்தவர் பந்து விழுந்ததா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. கோலைத் தாங்கும் கை நடுங்காமல் இருக்கிறதா, கோல் நேராகச் செல்கிறதா, அடித்தபின் தலை அசையாமல் நிற்கிறதா என்று கவனிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். கற்றுக்கொள்பவர் இப்போதைய பந்தை மட்டுமே நினைக்கிறார். பழகியவர் அடுத்த பந்துக்கும் இடம் அமைத்துக்கொள்கிறார். ஆகவே, ஒருவர் முறையாகப் பயின்றவரா என்பதை ஓர் அடியில் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் அந்த ஊகத்துக்கு எல்லை உண்டு. தற்செயலாக விழுந்த பந்தும் உண்டு. பழக்கமில்லாத மேசையும், இரவு ஷிப்டு முடித்து வந்த களைப்பும், சுற்றி நிற்போரின் பார்வையும் நல்ல கையையும் பிசகச் செய்யும். பந்தயம் கட்டி ஆடும் இடங்களில், எதிராளியை ஏமாற்ற வேண்டுமென்றே முதலில் தவறவிடுவோரும் உண்டு. சூது ஹராம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இங்கு சொல்ல வருவது, ஓர் அடியை நம்பியவரே அங்கு ஏமாறுகிறார் என்பது. ஒருவர் நிதானமானவரா என்பது, பல அடிகளைப் பார்த்த பின்னரே தெரியும்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றலை அவர்கள் ஒரே அறிவிப்பைக் கொண்டு முடிவு செய்யவில்லை. அவருடைய அறிவிப்புகளை நம்பகமான மற்றவர்களின் அறிவிப்புகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் ஒத்திருந்து அரிதாக வேறுபட்டால் அது அவரைப் பாதிக்காது. வேறுபாடு மிகுந்தால்தான் அவரது துல்லியம் கேள்விக்குள்ளாகும். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இந்த அளவுகோலைத் தெளிவாக விளக்கியுள்ளார்கள்.

நமது பகுதியின் ஆலைகளிலும் இதே அறிவு உண்டு. புதிய இயந்திரம் ஒன்றை ஏற்குமுன், அடுத்தடுத்துப் பல பாகங்களைச் செய்யவைத்து, ஒவ்வொன்றையும் அளந்து, அவற்றுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் பாகம் சரியில்லை என்பதற்காக மட்டும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் இளைஞருக்கு அந்தப் பொறுமை எப்போதும் கிடைப்பதில்லை. முதல் வெல்டிங்கில் கை பிசகினால், முதல் வாரத்தில் ஒருநாள் தாமதமாக வந்தால், "இவன் சரிப்படமாட்டான்" என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அப்பெயரை நம்பித்தான் அடுத்த ஒப்பந்தமும் முடிவாகிறது. இரும்புக்குக் கொடுக்கும் அவகாசத்தை மனிதருக்குக் கொடுக்க மறுப்பது நீதியாகுமா?

மஹல்லாவிலும் இதே நிலைதான். பூல் மேசையருகே ஒருமுறை காணப்பட்ட இளைஞரைச் 'சூதாடி' என்று சொல்லிவிடுகிறோம். கோல் பிடித்ததைத்தான் கண்டோம், பந்தயம் கட்டியதைக் காணவில்லை. பின்னர் பெண் வீட்டார் விசாரிக்க வரும்போது, அந்த ஒரு சொல்லே அவருடைய வாழ்க்கையைத் தடுத்துவிடுகிறது. சந்தேகங்களில் சில பாவமாகும் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நம்மை எச்சரிப்பது இத்தகைய இடங்களுக்கும்தான்.

ஒருவருக்குச் சான்று சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? அவரோடு பயணம் சென்றிருக்கிறீரா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற பதில் வரவே, அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்றார்கள். நல்லவர் என்று சொல்லவே இத்தனை அறிமுகம் வேண்டுமெனில், கெட்டவர் என்று சொல்ல எத்தனை வேண்டும்!

எனவே மேற்பார்வையாளராக இருக்கும் சகோதரர்கள், புதியவரின் முதல் வேலையை அல்ல, பத்தாவது வேலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். ஜமாஅத்தில் விசாரிக்கப்படுவோர், தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததற்கு 'தெரியாது' என்று சொல்லட்டும். பிறருடைய ஒரு சறுக்கலை அவர்களின் முழு வாழ்வாக எண்ணாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.