பெயரில்லாத ஜோடி

யாருக்கேனும் கல்யாண நாள் வந்துவிட்டால், அன்று காலையில் நம் பக்கத்துக் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களைத் திறந்து பார்க்கவேண்டும். சாத்தூரிலிருந்து சித்தப்பாவும், திருத்தங்கலிலிருந்து மதினியும், சிங்கப்பூரிலிருந்து மருமகனும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவைக்கும் பூங்கொத்துகளுக்கும் கூப்பிய கைகளுக்கும் நடுவே, கைகோத்துக்கொண்டோ, தலைகளுக்கு இடையில் ஒரு சிவந்த இதயம் மிதக்க நெருங்கியோ நிற்கும் ஆணும் பெண்ணுமான ஒரு சிறு உருவம் தவறாமல் வந்து அமர்ந்திருக்கும். எமோஜி என்று இளைஞர்களும், பொம்மை என்று வயதானவர்களும் சொல்லும் சித்திரக் குறிகளில், காதலுக்கு உரியவை என்று உலகம் கருதும் இந்த ஜோடிகளைக் காதலர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்வதைக் காட்டிலும், சுற்றத்தார் பிறருக்கு ஆசியாக அனுப்புவதே நம் ஊர்களில் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தக்க காரணம் உண்டு. தனி இதயத்தை அனுப்புகிறவர் ‘நான் உன்மேல் இப்படி இருக்கிறேன்’ என்று தன்மையிலும் முன்னிலையிலும் பேசுகிறார். ஜோடிச் சின்னமோ படர்க்கையில் பேசுகிறது. அதைக் கணவனுக்கு அனுப்பும் மனைவி, தன்னையும் அவனையும் சற்றுத் தள்ளி நின்று பிறர் கண்ணால் பார்த்து, ‘இவர்கள் இருவரும் இவ்வாறு இருக்கிறார்கள்’ என்று சாட்சி சொல்லுகிறாள். வேட்கையைவிட உறவின் உறுதியே அதில் முன்னிற்பதால், மாமனார் மாமியார் இருக்கும் குழுவிலும் அது கூச்சமின்றி உலவ முடிகிறது. கைகோத்த ஜோடி, இதய ஜோடி, முத்தமிடும் ஜோடி ஆகிய மூன்றில் கடைசியது மட்டும் இந்தப் பகிரங்க மரியாதையைப் பெறவில்லை. அது இருவர் அந்தரங்கத்தோடு நின்றுகொள்கிறது.

இச்சித்திரங்கள் பிறந்த நாடு ஜப்பான். 1999-இல் என்.டி.டி. டொகோமோ நிறுவனத்தின் கைப்பேசிச் சேவைக்காக ஷிகேடகா குரிடா என்பவர், பக்கத்துக்கு 12 புள்ளிகளே கொண்ட சின்னஞ்சிறு சதுரங்களுக்குள் 176 சித்திரங்களை அமைத்தார். வானிலையும் வாகனங்களும் இதயங்களும் அவற்றுள் இருந்தன. பிற ஜப்பானிய நிறுவனங்களும் தத்தம் சித்திரங்களை வைத்துக்கொண்டிருந்த நிலையில், 2010-இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கி அட்டவணையிடும் யூனிகோட் அமைப்பு, தன் 6.0 பதிப்பில் அவற்றை ஏற்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வழங்கியது; அப்பொழுது கைகோத்த ஜோடியும், இதய ஜோடியும், முத்த ஜோடியும், நம் அகரத்துக்கும் ககரத்துக்கும் அந்த அட்டவணையில் உள்ள அதே தகுதியோடு இடம்பெற்றன.

ஜப்பானிலிருந்து படங்கள் புறப்பட்டு நம் கைக்கு வந்து சேர்வது சிவகாசிச் சீமைக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகள், தலையில் வண்ணப் படங்களைச் சுமந்துகொண்டே நம் சந்தைகளில் விலைபோயின. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் வேரூன்றச் செய்தபின், பெட்டிக்கு ஒட்ட லேபிளும், லேபிளுக்கு அச்சகமும், அச்சகத்துக்குச் சித்திரக்காரரும் தேவையாயினர். எழுத்தறியாதவர்கள் கடைக்கு வந்து படத்தைச் சொல்லியே பெட்டியைக் கேட்டார்கள். பட்டாசுகளிலும் அப்படித்தான்: குருவி வெடியும் லட்சுமி வெடியும் மேலுறையில் இருந்த படத்தையே தங்கள் பெயராகக் கொண்டுவிட்டன. ஜவாஹர்லால் நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று அழைத்ததாக ஊரார் பெருமையோடு எடுத்துரைக்கும் சிவகாசி, ஒரு சிறு படம் ஒரு முழு வாக்கியத்தின் வேலையைச் செய்யும் என்பதைக் கைப்பேசி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொழிலாகவே செய்து காட்டியிருக்கிறது.

அச்சகங்கள் பெருகியபின் காலண்டர்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அங்கிருந்து தேசமெங்கும் போயின. பக்கத்தில் கோவில்பட்டியிலே சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வ வடிவங்கள் சிவகாசி இயந்திரங்களில் பல்லாயிரமாகப் பெருகி, குடிசைக்கும் மாளிகைக்கும் பேதமின்றிச் சுவரேறின. கணவனும் மனைவியும் பிறர் பார்க்க அருகருகே உட்காரக் கூசிய அக்கால இல்லங்களில், சுவரில் மட்டும் சிவனும் பார்வதியும் தோளோடு தோள் சேர்ந்து வீற்றிருந்தார்கள். வள்ளி தெய்வானையர் இருபுறமும் நிற்க முருகன் புன்னகை செய்தான். மனிதத் தம்பதியர் சொல்லத் தயங்கியதைச் சித்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆதலால், ஜோடிப் பொம்மைகளை அயல்நாட்டு நாகரிகத்தின் சீர்கேடு என்று ஒதுக்குவோரிடம், நம் வீட்டுச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இந்தச் சின்னத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் அதற்குப் பெயர் இல்லாமைதான். அன்பின் ஐந்திணையில் வரும் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்தால் ஊரும் குலமும் உடன் வந்துவிடும், அதன்பின் அது அகமாக நில்லாது. யூனிகோட் அட்டவணையின் ஜோடியும் அத்தகையதே. எந்த இனத்தாரின் மேனிக்கும் உரியதல்லாத ஒரு மஞ்சள் நிறத்தில், முகவரி இன்றி, குலக்குறி இன்றி அது நிற்கிறது. 2018-இல் டிண்டர் என்னும் துணைதேடும் செயலி, வேறுவேறு நிறத்தார் சேர்ந்து நிற்கும் ஜோடிகள் வேண்டும் என்று கையெழுத்துத் திரட்டியது. மறு ஆண்டில் கைகோத்த ஜோடிக்கும், அதற்குப் பின் மற்ற ஜோடிகளுக்கும் பலவகை மேனிநிறங்கள் வந்தன. இரு பெண்களும் இரு ஆண்களும் ஜோடியாக நிற்கும் வடிவங்களும் இன்று உள்ளன. தம் உருவத்தை எங்கும் காணாமல் வாழ்ந்தவர்கள் அதை ஒரு சிறு சதுரத்திலேனும் காண விரும்பியது முற்றிலும் நியாயம். எனினும், இருவர் கூடி நின்றால் முதலில் அவர்கள் எந்தத் தெருவினர் என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியாத நம் ஜில்லாவுக்கு, யாருடையது என்று கண்டுகொள்ள முடியாத அந்த மஞ்சள் ஜோடியே உகந்தது என்று நான் நினைக்கிறேன்.

சிவகாசியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். குயிலையும் மேகத்தையும் தூது போகச் சொன்ன ஆண்டாள் பிறந்த ஊர் அது. தூதின் வரலாற்றில் அவள் தனித்து நிற்கிறாள். ஏனெனில், நாச்சியார் திருமொழியில் வெட்கத்தை விலக்கி நேரே தன் குரலில் பேசியவள் அவள். அகப்பாட்டில் பெயரற்ற தலைவி வாயிலாகவும் தோழி, செவிலி வாயிலாகவும் வெளிப்பட்டு வந்த ஏக்கம் அங்கே பாடுகிறவளின் சொந்தத் தன்மையில் ஒலித்தது. ஆனால் கோயிலின் கர்ப்பகிருகத்தில் நாம் தரிசிப்பது ஏங்கும் தனிப் பெண்ணை அன்று. ரங்கமன்னாரோடு மணக்கோலத்தில், கருடாழ்வாரும் உடன் நிற்க, ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் திவ்ய தம்பதியை. பாட்டில் தன்மையும் சந்நிதியில் படர்க்கையுமாக, காதலின் இரு வகைப் பேச்சுக்கும் அந்த ஒரே தலத்தில் இடம் இருக்கிறது. நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்து அவள் கையில் வைக்கப்படும் கிளியைப் பார்க்கும்போதெல்லாம், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட பின்னரும் தூதுப் பறவையை அவள் விட்டுவிடவில்லையே என்று எனக்குத் தோன்றும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலைக்குப் போகிறாள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறான். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடநாட்டுக்குப் போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லக் கூடாது. தீக்குச்சிக்கும் பீடிக்கும் உள்ள தடை அதற்கும் உண்டு. காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறவள் அதை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே நுழைந்தால், மாலையில் வெளியே வந்த பின்தான் கையில் வாங்க முடியும். இருவருக்கும் பேச வாய்க்கும் நேரங்கள் ஒத்துவருவதில்லை. குரல் பதிவு செய்து அனுப்பினால் அருகில் இருக்கும் கிளீனர் பையன் கேட்டுவிடுவான்; எழுதி அனுப்பினால் அவள் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். அவள் இன்றுவரை கணவனின் பெயரை வாயால் சொன்னதில்லை. ‘அவுக’ என்பாள், அதற்கு மேல் இல்லை.

அவர்களுக்குள் நாளடைவில் ஒரு சங்கேதம் அமைந்துவிட்டது. அவன் ஓர் ஊரைக் கடக்கும்போது லாரிப் பொம்மையை அனுப்புவான். லோடு இறக்கி முடித்துப் படுக்கப் போகும்போது கைகோத்த ஜோடியை அனுப்புவான். அவளும் வேலை முடிந்து வேனில் உட்கார்ந்ததும் அதே ஜோடியைத் திருப்பி அனுப்புவாள். ஒருநாள் அதை என்னிடம் காட்டியபோது, “நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருன்னு அர்த்தம் டீச்சர்,” என்றாள். நம் வட்டாரத்தில் எங்கேனும் ஓர் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்துவிட்டால், எந்த ஆலை, எந்த அறை என்ற விவரம் தெரிவதற்கு முன் செய்தி மட்டும் நாக்பூர் வரைக்கும் போய்விடும். அவள் கைப்பேசியோ வாசலில் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு மாலையில் அவள் அதைக் கையில் வாங்கியபோது, ஒரே ஜோடி திரை நிறைய, கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்திருந்தது. ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அவள் ஒரேயொரு ஜோடியை மறுமொழியாக அனுப்பிவிட்டு, வேனில் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து அழுதாளாம். காதல் சின்னங்களின் அர்த்தம் என்ன என்று யாரேனும் என்னை வினவினால், அகராதிகளுக்குப் போகாமல் இந்த மாலையைத்தான் சொல்வேன்.

தொழில்நுட்பத்தை ஒட்டிய விவரம் ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒரு பெண், ஓர் ஆண் என்றோ, இரு பெண்கள் என்றோ தெரிவு செய்து அனுப்பும் இதய ஜோடி, பல சமயங்களில் ஒரே எழுத்தாகப் பயணம் செய்வதில்லை; பெண், இதயம், ஆண் என்று தனித்தனிச் சின்னங்களாகவே போகிறது. அவற்றின் இடையே, அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி நின்று, மூன்றையும் ஒரே உருவமாகக் காட்டும்படி கைப்பேசிக்கு உணர்த்துகிறது. அரபியிலும் இந்திய லிபிகளிலும் எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களைக் குறிக்க ஏற்பட்ட குறி அது. அதை உணராத பழைய கருவியில் பெண் தனியே, இதயம் தனியே, ஆண் தனியே என்று மூன்றும் பிரிந்து நிற்கும்.

அர்த்தம் பிரிந்து போவதும் உண்டு. 2024-இல், ஓர் அதிகாரியின் கொலையைப் பற்றிய வாட்ஸப் செய்திக்குக் கட்டைவிரல் சின்னத்தை இட்ட காவலர் ஒருவரை, கொலையைக் கொண்டாடினார் என்று கருதிப் பணிநீக்கம் செய்த விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்புக்கு வந்தது. செய்தியைப் பார்த்தேன் என்பதற்கும் அச்சின்னம் இடப்படும், அதைக் கொண்டாட்டமாகக் கொள்ளலாகாது என்று நீதிபதிகள் கருதினார்கள். சின்னத்துக்குத் தானாக ஒரு பொருள் இல்லை, இட்டவர் யார், எந்தச் சூழ்நிலையில் இட்டார் என்று பார்க்கவேண்டும் என்னும் இந்த நிதானம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. நம் குடும்பங்களுக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம். கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கைப்பேசியில் ஒரு ஜோடிப் பொம்மை தென்பட்டுவிட்டால், அனுப்பியவன் யார் என்று கேட்பதற்கு முன்பே படிப்பை நிறுத்துவதும், ஜாதகத்தை எடுப்பதும், சில வீடுகளில் கை நீள்வதும் நடக்கின்றன. பையனின் ஜாதி வேறு என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேலும் நடக்கும் என்பதை நம் தென் ஜில்லாக்களில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

விருதுநகரில் எனக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவர், மகளின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓர் இரவில் என் வீட்டுக்கு வந்தார். உடன் படிக்கும் பையன் அனுப்பிய இதய ஜோடி அதில் இருந்தது. “இதுக்கு என்ன டீச்சர் அர்த்தம்?” என்று கேட்ட அவர் கை நடுங்கிற்று. அர்த்தத்தை என்னிடம் கேட்கவேண்டாம், உங்கள் மகளிடமே, அவள் தாயும் உடன் இருக்கும்போது, குரலை உயர்த்தாமல் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அவள் மறைக்கவில்லை, பிடித்திருக்கிறது என்றும், படிப்பு முடிந்த பிறகு வீட்டில் சொல்லலாம் என்று எண்ணியிருந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கைப்பேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். இப்பொழுது அவள் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தகப்பனார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.