கரண்ட் போனால் டெலிபோனும் போகும்

பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அதில் பேசலாம். இன்றைய பைபர் டெலிபோனோ ரவுட்டரோடு சேர்ந்து அணைந்துவிடும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே மின்சாரமின்றிக் கிடந்தது நினைவிருக்கும். ரவுட்டருக்கு ஒரு சிறு பற்றரி வையுங்கள். கைபேசியிலும் சார்ஜ் இருக்கட்டும்.

அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110. இவற்றோடு உங்கள் வீட்டு இலக்கத்தையும் வீதியையும் பெரிதாக எழுதி டெலிபோன் அருகே ஒட்டுங்கள். பதற்றத்தில் “கொச்சிக்கடை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீர்கொழும்புக்கு அப்பாலும் ஒரு கொச்சிக்கடை உண்டு. “கொழும்பு 13, அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட” என்று சொல்லப் பிள்ளைகளையும் பழக்குங்கள். இன்றே மெயின் சுவிட்சை அணைத்து, டெலிபோன் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.